வளையலுக்குக் கால் கிலோ

கர்ப்பிணிப் பெண்ணின் எடை கோட்டின் மேல் வந்து நின்றுவிட்டால் தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினேன். டேப்லெட்டில் அந்த வளைகோட்டைப் பார்த்திருப்பீர்கள். இத்தனையாவது வாரத்துக்கு இத்தனை எடை கூடியிருக்க வேண்டும் என்று இடமிருந்து வலமாக நிதானமாக ஏறிப் போகும். ஒரு பெண்ணின் புள்ளி அதற்குக் கீழே விழுந்தால் எனக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. கோட்டைத் தொட்டுவிட்டால், ஏதோ என் சமையலைச் சாப்பிட்டு அவள் தேறியதுபோல ஒரு கர்வம் வரும்.

ஓய்வு பெற்றவர் என்று என்னை உங்களுக்கு அறிமுகம் செய்தார்கள். உடனே பென்ஷன் வருகிறது என்று கணக்குப் போடாதீர்கள். புராஜெக்ட் முடிந்தது, கூடவே என் இடுப்பும் முடிந்தது, அவ்வளவுதான். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு முதுகெலும்பு தந்த சான்றிதழ் அது. ஐம்பதைத் தொடுவதற்குள் என்னைப் பெரியவராக்கி, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். மெஷினை எப்படிச் சமதரையில் வைப்பது, செருப்பை எப்போது கழற்றச் சொல்வது என்பதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். என்னிடம் இருப்பது நான் பயந்துபோன கதைகள் மட்டும். அந்தத் துறையில் எனக்கு நல்ல அனுபவம்.

நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடு வேறெங்கோ இருக்கும் பெண்களை எடைபோட்டு வரைந்தது. நம் ஊர்ப் பெண்களுக்கும் அது பொருந்துமா என்று பார்க்கத்தான் எங்களை அனுப்பினார்கள். பல ஊர்களில் பலவிதமான பெண்களை எடைபோடுகிறார்கள், எங்களுக்கு இந்த இரண்டு கொம்யூன்கள். பலவிதம் வேண்டும் என்றால் நாங்கள் தூரம் போக வேண்டியதே இல்லை. மூலக்குளத்தில் லிப்ட் வைத்த அடுக்குமாடிக்காரி, கர்ப்பம் தரிக்கும்போதே எடை கூடுதல். வில்லியனூர் கடைத்தெருவில் வியாபாரக் குடும்பத்து மருமகள். திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே பேக்கிங் செய்கிற பெண். பாகூர்ப் பக்கம் ஆறாம் மாதம் வரை நடவுக்குப் போகிறவள். இவர்கள் எல்லாரும் ஒரே கோட்டில் வரிசையாக நடந்துவர வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன்.

எங்கள் டாக்டரம்மா அப்படி எதிர்பார்க்கவில்லை. கோடு தப்பா பெண் தப்பா என்று இப்போதே தீர்ப்பு எழுதாதீர்கள், ஒல்லியாகத் தொடங்கியவள் அதிகம் ஏற வேண்டும், பருமனாகத் தொடங்கியவள் கொஞ்சம் ஏறினால் போதும் என்று பொறுமையாக விளக்குவார். ஒருமுறை என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மெஷின் எவ்வளவுன்னு சொல்லும் சார். ஏறினது எதுன்னு சொல்லாது. அதைப் பாக்கத்தான் மனுஷங்கள அனுப்புறேன்."

நான் பலமாகத் தலையாட்டினேன். மண்டைக்குள் ஒன்றும் போகவில்லை.

எனக்கு மேற்பார்வையாளர் என்று பதவி. ஆண்பிள்ளை என்பதால் எடை போடும் இடத்துக்குள் எனக்கு வேலை இல்லை. உள்ளே அஞ்சலை எடுப்பாள். அரியூர்ப் பக்கத்துப் பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், என்னை சார் என்று கூப்பிட்டுக்கொண்டே என் மானத்தை வாங்கக்கூடியவள். நான் வாசலில் நின்று மேலே பார்த்தால் தென்னை, கீழே பார்த்தால் கோழி. அதுதான் என் மேற்பார்வை.

முதல் அடி வில்லியனூரில் விழுந்தது. அங்கே வளையல் கடை வைத்திருந்த ஒரு பாயின் மருமகள் எங்கள் பட்டியலில் இருந்தாள். வயிற்றில் பிள்ளை இருப்பதால் நோன்பு வேண்டாம் என்று வீட்டில் எல்லாரும் சொல்லியும், அவள் சில நாள் மட்டும் இருப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள். நாங்கள் ஒரு நோன்பு நாளில் மதியம் எடை எடுத்தோம். புள்ளி கீழே. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த முறை போகவேண்டிய நாளில் நேரமாகி, அவர்கள் நோன்பு திறந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். புள்ளி ஜம்மென்று மேலே. நான் கடையில் போய் பாயிடம், மருமகள் நன்றாகத் தேறிவிட்டாள், எங்கள் ஆலோசனை வேலை செய்கிறது என்று பெருமையடித்தேன். அவர் வளையல் அட்டைகளை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ரெண்டு கிளாஸ் கஞ்சி, சமோசா, ஒரு சொம்பு தண்ணி. அத்த எடை போட்டுட்டுப் போறீங்க சார். போறப்ப நீங்களும் ரெண்டு கிளாஸ் குடிங்க, நீங்களும் தேறிடுவீங்க."

குடித்தேன். மறுநாளிலிருந்து எல்லா வீட்டுக்கும் காலையில், ஒரே நேரத்தில் என்று விதி வந்தது. அந்த விதியை இப்போது உங்களுக்குப் பயிற்சியில் ரொம்பக் கம்பீரமாகச் சொல்லுவார்கள். அதன் பூர்வீகம் நோன்புக் கஞ்சி.

அடுத்த தொல்லை வளைகாப்பு. ஏழாம் மாதம் ஆனதும் இரண்டு கையிலும் முழங்கை நோக்கிக் கண்ணாடி வளையலை அடுக்கிவிடுகிறார்கள். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று வித்தியாசம் கிடையாது. மாதா கோயிலடி ஊர்களில் பங்குச் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. போட்டது போட்டதுதான். பிரசவம் வரைக்கும் ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது, அதன் சத்தத்தை உள்ளே பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது என்பார்கள். பிள்ளை பிறந்ததும் அத்தனையும் பிரசவம் பார்த்தவளுக்குப் போகும். எடைக்காக ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள் என்று ஒரு வீட்டில் கேட்டேன். அந்த வீட்டு மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் நானே ஒரு கிலோ குறைந்தேன்.

யோசித்தேன். நேராகப் பாய் கடைக்குப் போய், ஒரு வளைகாப்புக்குப் போகும் வளையல் எவ்வளவோ அவ்வளவையும் எடை போட்டுத் தரச் சொன்னேன். வளையலை டஜன் கணக்கில் கேட்பவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். கிட்டத்தட்டக் கால் கிலோ. அன்றிலிருந்து வளையல் போட்ட பெண் என்றால் கால் கிலோ கழிவு. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, எதையும் நீங்களாகக் கழிக்காதீர்கள், வளையல் இருந்தது என்று பக்கத்தில் குறித்தால் போதும் என்றார். எனக்கோ என் கண்டுபிடிப்பை விட மனம் இல்லை. எந்த எடை எகிறினாலும் வளையல் என்று சொல்லிச் சமாளிக்கிற பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது.

இந்த நிலையில்தான் ஸ்டெல்லா வந்தாள்.

திருவாண்டார்கோயில் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒல்லி. முதல் மாதத்திலிருந்து அவள் புள்ளி கோட்டுக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்தது, ஆனால் ஒழுங்காகப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாள், ரத்தம், பிரஷர் எல்லாம் சரி. இவள் உடல்வாகு இப்படியாக இருக்கலாம், நன்றாகச் சாப்பிடச் சொல்லிக் கவனித்துக்கொண்டிருங்கள் என்றார் டாக்டரம்மா. என்னால் கவனித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. போகும்போதெல்லாம் இன்னும் ஏற வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அவள் மாமியாருக்கு அது சுருக்கென்று பட்டது. எங்க வூட்ல சோறு போடலன்னு எழுதிகினு போறீங்களா சார் என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அந்தப் பேச்சு அப்படியே நடந்து பாகூர்ப் பக்கம் இருந்த ஸ்டெல்லாவின் அம்மா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான் ஒரு தராசை நட்டுவிட்டேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனாள். தலைப் பிரசவம், வழக்கம்தான். போன இடத்தில் ஒரு இடைவெளி விழுந்தது. இங்கே பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், அங்கே போய்விட்டாள் என்று விட்டுவிட்டார். அங்கே இன்னும் யாரிடமும் பதியவில்லை, ஞாயிறு பூசை முடிந்து போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிரஷர் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் அவளைத் தேடிப்போன ஒரே கருவி எங்கள் எடை மெஷின்.

காலையில் போனோம். அஞ்சலை உள்ளே எடை எடுத்து, எண்ணை வாசலுக்குச் சொன்னாள். நான் டேப்லெட்டில் போட்டேன். புள்ளி கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. ஏழு மாதமாகக் கோட்டுக்கு ஏறாதவள் இரண்டு வாரத்தில் ஏறிவிட்டாள், ஏறக்குறைய நான்கு கிலோ. டேப்லெட் சிவப்பாகி, இது நிச்சயமா, காரணம் என்ன என்று கேட்டது. மெஷினில் கோளாறோ என்று நானே ஏறி நின்றேன். காலையில் ஆபீசில் காட்டிய அதே எடை. என் தொந்தி மாதிரி நம்பகமான படிக்கல் கிடையாது. வளையல் என்று காரணம் போட்டேன். சிவப்பு போய்விட்டது.

ஸ்டெல்லா வெளியே வந்தாள். முகம் பூரித்திருந்தது. முகம் இப்படிப் பூரித்தால் பெண் பிள்ளைதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றார் அவள் அம்மா. நானும் என் பங்குக்கு, அம்மா கைச் சோறு என்றால் சும்மாவா, இப்போதுதான் கோட்டுக்கு வந்திருக்கிறாள் என்றேன். அந்த அம்மாள் நான் இருக்கும்போதே சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டு, எங்க வூட்டு சோத்துல பதினஞ்சு நாள்ல எப்டி ஆயிட்டான்னு வந்து பாருங்க என்று சொல்லிவிட்டார். எனக்குக் காபி வந்தது. பால் கெட்டியாக இருந்தது.

டீக்கடை வரைக்கும் சந்தோஷம் தாங்கியது. அங்கே உட்கார்ந்தபோதுதான், சாயங்காலம் கணக்குச் சரிபார்க்கும் பெண் என்னை போனில் கூப்பிடுவது என் காதில் கேட்க ஆரம்பித்தது. வளையல் எவ்வளவு சார்? கால் கிலோம்மா. மீதி? விருந்து. எத்தனை பேர் விருந்து சார்? அவள் இன்னும் கூப்பிடவே இல்லை, நானே இரண்டு குரலிலும் பேசி நானே வியர்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை பன்னைத் தின்றுகொண்டே, யார் சார் திட்றாங்க என்று கேட்டாள்.

திரும்பிப் போய் ஒருமுறை வளையல் இல்லாமல் எடுத்துவிடலாம் என்றேன். இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஸ்டெல்லாவுக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. திட்டு வாங்கக் கூடாது. அவ்வளவுதான் என் யோசனை.

வளையலைக் கழற்ற வேண்டும் என்றதும் அவள் அம்மா வாசலை மறித்துக்கொண்டார். சாமியார் மந்திரித்துக் கொடுத்தது, பிள்ளை பிறக்காமல் கையை வெறுமையாக்கினால் நாளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் வருவீர்களா என்றார். நியாயமான கேள்விதான். அதற்குள் ஸ்டெல்லாவே, நாலே நாலு மட்டும் கழட்டிக் காட்டுறேன், வெயில்ல நிக்கிறாரு, சார பாத்தா பாவமா இருக்குது என்று சொல்லி உள்ளே போனாள். அஞ்சலையும் போனாள்.

நான் தென்னையைப் பார்த்தேன். கோழியைப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. கழற்றியாச்சா என்று கேட்டேன். அஞ்சலையின் குரல் வேறு மாதிரி வந்தது.

"சார், வரல. ஒன்னுகூட நவுரல. கையில புதைஞ்சிகினு கீது."

இரண்டு வாரத்துக்கு முன்னால் சுலபமாக ஏறிய வளையல். சோப்பு போட்டும் நகரவில்லை. மெட்டி எங்கே என்று அஞ்சலை கேட்க, இறுக்குகிறது என்று போன வாரமே கழற்றிவிட்டதாக ஸ்டெல்லா சொன்னது வெளியே கேட்டது. தலை வலிக்கிறதா என்றாள் அஞ்சலை. மூன்று நாளாக வலி, தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன் என்றாள் ஸ்டெல்லா.

டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் என் மண்டைக்குள் போயிற்று. அவள் உடம்பில் ஏறியிருந்தது எது என்று நான் பார்க்கவே இல்லை. நீர்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியங்களை அஞ்சலை இன்றைக்கும் ஆபீசில் நடித்துக் காட்டுவாள். நின்ற இடத்திலேயே ஹெல்மெட்டை எடுத்து முன்பின் மாறி மாட்டிக்கொண்டேன். டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, எடுத்தவுடன் வளையல் வரவில்லை டாக்டர் என்றேன். அவர் எந்தக் கடையிலிருந்து என்று கேட்டார். அஞ்சலை போனைப் பிடுங்கி விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மாவின் பதிலைப் பக்கத்தில் நின்ற நானே கேட்டேன். இப்போதே வண்டி ஏற்றுங்கள், டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நான் பிரசவ வார்டுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அவள் அம்மா அசையவில்லை. மருமகன் ஷிப்டில் இருந்தார், கம்பெனியில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். அவரிடம் சொல்லாமல், சம்பந்தி வீட்டில் கேட்காமல் எப்படி அனுப்புவது என்றார். மாசமானால் கை கால் வீங்காதா, எனக்கும்தான் வீங்கியது என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"காலைல நீங்கதான சார் நல்லா கீதுன்னு சொன்னீங்க. சம்பந்தி வூட்டுக்கு போன் போட்டுட்டேன். இப்ப ஆஸ்பத்திரின்றீங்க. காலைல சொன்னத நம்புறதா, இப்ப சொல்றத நம்புறதா?"

பயிற்சியில் இதற்குப் பதில் கிடையாது பிள்ளைகளே. மெஷின் மேல் பழியைப் போட ஒரு கணம் நாக்கு நீண்டது. மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் நிம்மதியாகி, நல்ல மெஷின் கொண்டு வாருங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றிருப்பார். அந்த ஒரு நாள் எங்களிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

"மெஷின் சரியாத்தாம்மா சொல்லுச்சு. நான்தான் தப்பா சொன்னேன். ஏறினது சோறு இல்ல, தண்ணி. உங்க சோத்து மேலயும் குத்தம் இல்ல, அவங்க சோத்து மேலயும் குத்தம் இல்ல. சம்பந்தி வூட்டுக்கு நானே போன் போட்டு நான் ஒரு முட்டாள்னு சொல்றேன். பொண்ண ஏத்துங்க."

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஸ்டெல்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யம்மா, காலைலருந்து எனக்கு சார் ரெண்டு பேரா தெரியுறாரு. ரெண்டு பேருமே பயந்துபோய் கீறாங்க. வா, போலாம்."

அந்த அம்மாள் வாசலை விட்டு விலகினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

அஞ்சலையும் அம்மாவும் ஆட்டோவில் ஸ்டெல்லாவை நடுவில் வைத்துக்கொண்டார்கள். நான் பைக்கில் ஹாரன் அடித்து வழி விலக்கிக்கொண்டு முன்னால் போனேன், மந்திரி வண்டிக்குப் பைலட் போவதுபோல. வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு மாட்டுவண்டிதான் வருகிறது. ஆட்டோக்காரர் வேறு வழியில் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எடை மெஷினை ஸ்டெல்லாவின் அம்மா வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்தபோது அதன்மேல் கோழி நின்றுகொண்டிருந்தது.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று கேட்டால், நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன். நாம் ஆசைப்பட்ட எண் வந்தால் இன்னொரு முறை பெண்ணைப் பாருங்கள். பிடிக்காத எண் வந்தால் நாம் தானாகவே இரண்டு தடவை எடுப்போம். பிடித்த எண்ணுக்குத்தான் உடனே காரணம் கிடைத்துவிடும், காபியும் கிடைத்துவிடும். புள்ளி எங்கே நிற்கிறது என்பதோடு எந்த வேகத்தில் வந்தது என்றும் பாருங்கள். ஏழு மாதம் கோட்டுக்குக் கீழே நடந்தபோது ஸ்டெல்லா நன்றாக இருந்தாள். கோட்டைத் தொட்ட அன்றுதான் அவளுக்கு ஆபத்து. கோடு யாருக்குப் பொருந்தும் என்று டாக்டர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், எழுதட்டும். வளையல் நகர்கிறதா, மெட்டி இறுக்குகிறதா, கண் சரியாகத் தெரிகிறதா, கடைசியாக யார் பிரஷர் பார்த்தார்கள் என்று கேட்க நமக்குக் கோடு வேண்டாம்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் மிக அதிகம், சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. வலிப்பு வருவதற்கு முன் ஊசி போட்டுவிட்டார்கள். கணவர் ஷிப்டு முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் வந்து சேர்ந்தார், மாமியார் அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். சில நாள் படுக்கையில் வைத்திருந்து, பிரஷர் மறுபடி ஏறியபோது ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம், பல நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. வளையல்களைத் துணி சுற்றி ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. அந்தத் துண்டுகளை ஸ்டெல்லாவின் அம்மா ஒரு துணியில் முடிந்து, வழக்கப்படி, பிரசவம் பார்த்த நர்ஸ் கையில் கொடுத்தார். கோட்டோடு ஒப்பிட ஆரோக்கியமான கர்ப்பிணிகளை மட்டும் சேர்க்கும் எங்கள் கணக்கிலிருந்து ஸ்டெல்லாவை நீக்கிவிட்டார்கள். ஸ்டெல்லாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகு அஞ்சலை போய் எடை பார்த்தாள். கோட்டைத் தொட வைத்த அந்த நான்கு கிலோ நீர் ஸ்டெல்லா உடம்பில் இல்லை.